நாளை அழிக்கவும்

இரவு இரண்டு நாற்பதுக்கு
லேபிலிருந்து நஸ்ரீன் கூப்பிடுகிறாள்:
"சோடியம் ரிப்போர்ட் ஏறவே மாட்டேங்குதுங்க மேடம்,
சுத்திக்கிட்டே இருக்கு."

ஐந்து ரோட்டுக்குப் பின்தெரு, ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி.
சித்திரை மாதச் சேலத்தில்
ஸ்வெட்டர் போட்டிருப்பவள்
அநேகமாக நான் ஒருத்திதான்.

நான்கு டெராபைட் கிடங்கு. மிச்சம் பூஜ்யம்.
ஒரே இரும்புப் பெட்டிக்குள்
பதினொரு மெய்நிகர் இயந்திரங்களின் ஒண்டுக்குடித்தனம்.
ஒன்று பில் போடும், ஒன்று மாத்திரை எண்ணும்,
ஸ்கேன் படங்களைக் கட்டிக்காக்கும் ஒன்று.
லேப் மட்டும் எழுத இடமில்லாமல்
பாதிச் சொல்லில் நிற்கிறது.

யார் தின்றது?
கோப்புகளை எடைவாரியாக அடுக்கினேன்.
லேபின் முதுகில் ஒரு ஸ்நாப்ஷாட்.
வயது நானூற்றுப் பன்னிரண்டு நாள்.
எண்ணூற்று அறுபது ஜிபி.
பெயர்: நாளை அழிக்கவும்.

புகைப்படம் என்றே நினைக்கிறார்கள் இதை,
மேலாளர் சோமசேகரன் உட்பட.
புகைப்படம் வளராது.
இது, வட்டைப் பார்த்து "அப்படியே நில்" என்று சொல்லிவிட்டு
பிறகு நடப்பதையெல்லாம்
பக்கத்தில் வேறொரு நோட்டில் எழுதுவது.
ஒவ்வொரு ரத்தக் குழாயும், ஒவ்வொரு திருத்தமும்,
திருத்தத்தின் திருத்தமும்.
கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கத்தோரம்
கொட்டிக் கொட்டியே
குன்றாகிப்போன மண்ணைப் போல.

எடுத்தவர் யார் என்று தேடினேன்.
பெங்களூருக்கு மாறிப்போன டெனிஸாகத்தான் இருக்கும்.
வசவு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
பதிவேடு சொன்னது: சுடரொளி.

நான்.

போன வருடம் மார்ச், வெள்ளிக்கிழமை, மாலை ஆறு பத்து.
காப்பி பூத்திருக்கிறது, வா என்று
ஏற்காட்டிலிருந்து தோழி அழைத்த நாள்.
அப்டேட்டுக்கு முன் ஜாக்கிரதையாக ஒன்று எடுத்தேன்.
அப்டேட் நல்லபடியாக முடிந்தது.
அதுதான் பிழை.
கெட்டிருந்தால் நினைவிருந்திருக்கும்.
கடைசி பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும்
தூங்கிக்கொண்டே ஏறினேன்.

இப்போது என்முன் இரண்டு பொத்தான்கள்.
'திரும்பு' என்றால்
அந்த வெள்ளிக்கிழமை கிடைக்கும்,
அதற்குப் பின் ஊரே கொடுத்த ரத்தம் காணாமல் போகும்.
'அழி' என்றால் எதுவும் அழியாது.
நோட்டில் இருப்பது வரிவரியாய்த் தாய்வட்டில் போய்ச் சேரும்,
சேர்ந்த பிறகுதான் நோட்டு கிழியும்.
இதைவிடத் தப்பாகப் பெயர் வைத்த பொத்தானை
நான் பார்த்ததில்லை.

ஆனால் சேர்க்கவும் கொஞ்சம் இடம் வேண்டும்.
வீடு கூட்டுவதற்கு
முதலில் ஒரு மூலை காலியாக வேண்டுமே.
பயிற்சி இயந்திரத்தை அணைத்தேன்,
அது மடியில் கட்டிவைத்திருந்த பதினாறு ஜிபி இறங்கியது.
யாரோ போட்டுவைத்த பழைய நிறுவல் கோப்புகள், இன்னொரு இருபது.
லேபை எழுப்பினேன்.

"ஏறிடுச்சுங்க மேடம். நூத்திப் பதினெட்டு.
ரொம்பக் கம்மி, டாக்டரக் கூப்பிடறேன்."
வைத்துவிட்டாள்.
யாருடைய சோடியம் என்று நான் கேட்கவில்லை.

பிறகு 'அழி'.
மூன்று சதவீதம். மூன்று. மூன்று. நான்கு.
நோட்டு வாசிக்கப்படுகிற நேரத்திலும்
புது ரத்தம் வந்துகொண்டேயிருக்கிறது.
தொண்ணூற்றொன்பதில்
ஒரு முழு டீ ஆறும்வரை நின்றது.
தொடாதே என்று என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.
வராந்தா ஜன்னலில்
மலைப்பாதை விளக்குகள்
மேலிருந்து கீழாக அணைந்துகொண்டிருந்தன.

முடிந்ததும் ஒன்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட்:
தினமும் காலை ஆறுக்கு
மூன்று நாள் தாண்டிய ஸ்நாப்ஷாட் ஒவ்வொன்றும்
வயது, எடை, எடுத்தவர் பெயரோடு
என் போனுக்கும் சோமசேகரன் போனுக்கும் வரும்.
கிடங்கு எண்பது தொட்டால்
எந்நேரமானாலும் அலறும்.

வீட்டுக்குக் கிளம்பிப் படிவரை போய்
திரும்பி வந்து பத்தாவது வரி சேர்த்தேன்.
ஸ்நாப்ஷாட்டுக்குப் பெயர் கேட்கும் கட்டத்தில்
தேதி எழுதலாம், கிழமை எழுதலாம்.
'நாளை' என்று எழுதினால்
ஏற்காது.